மாமா பதில் சொல்லாத பெயர்

மாமா வாயைத் திறந்தார். என் ஆராய்ச்சி உதவித்தொகை போயிற்று. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று சென்னையில் அந்த அரசு அலுவலகத்தின் மாடியில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தும் எனக்கு முதுகு முழுக்க வியர்த்துக் கொட்டியது. எதிரே மேசைக்குப் பின்னால் கண்காணிப்பாளர். பக்கத்து நாற்காலியின் நுனியில் மாமா, கல்யாணங்களுக்கு மட்டும் பெட்டியிலிருந்து எடுக்கும் வெள்ளைச் சட்டையில். காலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையை மீஞ்சூர் தாண்டுவதற்குள் ரயில் காற்று கலைத்துவிட்டது. இறங்கும்வரை உள்ளங்கையால் அழுத்தி அழுத்திச் சரிசெய்துகொண்டே வந்தார். மீன் வாடையோடு ஆபீசில் போய் நிற்கக் கூடாது என்று கழுத்து, கை, காது மடல் எல்லாம் பவுடர். அக்காவின் டப்பாவில் பாதி காலி. இவ்வளவு ஏற்பாட்டோடு எனக்கு நல்லது செய்ய வந்த மனிதர்தான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கவிழ்த்தார்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம் எங்களுடையது. என் அப்பா, நாங்கள் நைனா என்போம், காய்ச்சலில் போனபோது நான் பொன்னேரியில் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எனக்குச் சோறு போட்டது, சட்டை தைத்துக் கொடுத்தது, காலேஜ் சேர்த்தது எல்லாம் அக்காவும் மாமாவும். விடுமுறைக்கு வந்தால் மாமாவோடு படகில் போவேன். மற்ற நாளில் சென்னையில் விடுதி. எப்படியோ கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டேன். எழுபதுகளின் தொடக்கம் அது. எங்களைப் போன்ற வீட்டுப் பையன் அந்தப் படிப்போடு இரண்டு வேலைக்குத்தான் போவான்: பள்ளிக்கூடத்து வாத்தியார், இல்லாவிட்டால் பாங்கு. ஆராய்ச்சி என்பது, மூன்று வருஷம் சம்பாதிக்காவிட்டாலும் அடுப்பு எரியும் வீட்டுப் பிள்ளைகளுக்கு. அந்தக் காலத்தில்தான் பயன்பாட்டுக் கணிதத்தில் முழுநேர ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு மத்திய அரசு மாதாமாதம் பணம் கொடுத்தது. பெரிய பணமில்லை. ஆனால் உட்கார்ந்து யோசிப்பதற்குச் சம்பளம் என்பதே எனக்கு நம்ப முடியாத சங்கதியாக இருந்தது. தேர்வு எழுதினேன், நேர்முகத்துக்குப் போனேன், பட்டியலில் கடைசி இடத்தில் என் பெயர் வந்தது. அதற்குப் பின்னால் காத்திருப்போர் பட்டியல். நான் தவறினால் எனக்கு அடுத்தவன் உள்ளே வந்துவிடுவான்.

ஒரு பாண்டு பத்திரம் கேட்டார்கள். ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும், அதற்கு ஒரு பெரியவர் ஜாமீன் நிற்க வேண்டும். அப்பா இல்லை என்பதால் மாமா. அப்படித்தான் பவுடரும் வெள்ளைச் சட்டையுமாக அவர் அந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தார். கண்காணிப்பாளர் நல்ல மனிதர். எங்களை நிற்கவைக்காமல் உட்காரச் சொன்னதே அந்தக் காலத்து ஆபீசில் பெரிய விஷயம். கையெழுத்துக்கு முன்னால் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைத்தான் அவர் கேட்டார்.

"பையன் பாதியில விட்டா நீங்க பொறுப்பு, அது புரியுது இல்லையா? சரி. இவருக்கு வேற வருமானம் ஏதாவது உண்டா?"

எனக்கு அந்தக் கேள்வியின் பொருள் தெரியும். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். நான் வாயெடுப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க? நம்ம மச்சான் ஒண்ணுமில்லாத ஆளு இல்ல சார். ஏரியில அவன் பேர்ல மொற கீது. அவங்க நைனாவோட மொற. நான் கட்ற வலையில அவன் பங்கு தனியா கீது. இப்ப எறால் விக்கிற வெலைக்கு நீங்க குடுக்குற டப்புக்கு மேலயே வரும் சார். நீங்க கவலைப்படாம குடுங்க, திருப்பிக் கட்ற ஆளுதான்!"

மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். மாமா குனிந்து பார்த்தார். "இன்னாடா, கால மிதிக்கிற?" என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டார்.

கண்காணிப்பாளர் பேனாவை மூடினார். "அப்ப இவருக்குத் தொழில் இருக்கு."

"பின்ன? பரம்பரைத் தொழில் சார்!" மாமாவுக்கு நெஞ்சு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

இந்த இடத்தில் மாமாவுக்காக நான் வாதாட வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு இது வாய்த்துடுக்கு என்று தோன்றும், இல்லை. எங்கள் ஏரியில் எல்லா இடத்திலும் எல்லாரும் வலை கட்டிவிட முடியாது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் ஓடுகிற நல்ல இடங்கள் சிலதான். அந்த இடங்களை ஊர்க்காரர்கள் முறைபோட்டுப் பங்கிட்டுக்கொள்வார்கள். இன்று ஒரு வீடு, நாளை அடுத்த வீடு. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாடு உள்ளவனுக்குத்தான் கடையில் அரிசி கடனாகக் கிடைக்கும், பெண் கொடுப்பார்கள், கூட்டத்தில் பேச இடம் கிடைக்கும். பாடு இல்லாதவனை யாரும் நம்பி ஒரு முழம் கயிறுகூடத் தரமாட்டார்கள். திருப்பிக் கட்ட முடியுமா என்று ஒருவர் கேட்கிறார். கட்ட முடியும், இவன் பாடு உள்ளவன் என்று மாமா சொல்கிறார். எங்கள் ஊரில் ஒருவனைப் பற்றி அதைவிட உயர்வாகச் சொல்ல ஒன்றும் கிடையாது. ஒன்றுமில்லாதவன் என்று நிரூபித்தால்தான் பணம் கிடைக்கும் என்கிற கணக்கு மாமாவின் தலைக்குள் எப்படிப் போகும்?

கண்காணிப்பாளர் கோபப்படாமல்தான் விளக்கினார். இது முழுநேர ஆராய்ச்சிக்கான பணம். வேறு தொழிலோ, தொழிலில் பங்கோ இருக்கக் கூடாது. ஜாமீன்தாரரே வாயால் சொன்ன பிறகு தான் கேட்காததுபோல் இருக்க முடியாது. "ஊர்லேர்ந்து எழுதி வாங்கிட்டு வாங்க. இவருக்கு எந்தத் தொழிலும் இல்லை, பங்கும் இல்லைன்னு. மாசக் கடைசிக்குள்ள வரலேன்னா லிஸ்ட்ல அடுத்தவருக்குப் போயிடும். நான் ஒண்ணும் செய்ய முடியாது தம்பி."

திரும்பும் ரயிலில் மாமா ஜன்னலோரம் இடம் கிடைத்தும் உட்காராமல் கதவருகே நின்றுகொண்டே வந்தார். பவுடர் வியர்வையில் கரைந்து கழுத்தில் கோடு கோடாக இறங்கியிருந்தது. வீட்டில் அக்கா கேட்டதும் நானே சொன்னேன். அக்காவுக்கு வந்ததே கோபம்!

"வாய வெச்சிக்கினு சும்மா இருக்க முடியாதாய்யா உனக்கு? அவரு இன்னா கேட்டாரு, நீ இன்னா சொன்னே? பெரிய ஜமீன்தாரு, ஏரிய எழுதி வாங்கிக்கினு வந்தவரு! புள்ள இத்தினி வருசம் படிச்சத ஒரு நிமிசத்துல முழுங்கிட்டு வந்து நிக்கிறியே!"

மாமா கல்யாணச் சட்டையைக் கழற்றி மடித்துப் பெட்டியில் வைத்தார். மடிப்பு சரியாக வரவில்லை. மறுபடி பிரித்து மடித்தார்.

ஊர்த் தலைவர் வீட்டுக்குப் போனோம். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, இதற்கா இப்படி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தீர்கள் என்று சிரித்தார். "கடுதாசிதானே? எழுதிக் குடுத்துட்டா போச்சு. பேரு அது பாட்டுக்கு இருக்கட்டும். மெட்ராஸ்லேர்ந்து எவன் வந்து ஏரியில எட்டிப் பாக்கப் போறான்?" அந்த வார முடிவில்தான் வருஷக் கூட்டம். அது முடிந்ததும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொன்னார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. உண்மையைச் சொன்னால், உதவித்தொகை கிடைக்கும் என்பதில் பாதி நிம்மதி, நைனாவின் இடம் போகாது என்பதில் பாதி நிம்மதி. ஆராய்ச்சி என்று கிளம்பினவர்களில் எத்தனையோ பேர் பாதியில் நின்றவர்கள். நான் நின்றுபோனால் ஏரி இருக்கிறது. அக்கா அன்று சாயங்காலம் வீட்டு விளக்கில் ஒரு கரண்டி எண்ணெய் கூடவே விட்டாள்.

வருஷக் கூட்டம் அம்மன் கோயில் வாசலில், காலை வெயில் ஏறுவதற்குள் நடக்கும். முறைக்குச் சீட்டுக் குலுக்குவதற்கு முன்னால் பாடு உள்ள ஒவ்வொருவர் பெயரையும் ஒருவர் உரக்கக் கூப்பிடுவார். பெயருக்குரியவன் அல்லது அவன் வீட்டு ஆண் ஒருவன் "கீறேன்" என்று பதில் சொல்ல வேண்டும். மூன்று முறை கூப்பிட்டும் பதில் வராவிட்டால் அந்த இடம் போயிற்று. காத்திருக்கிற அடுத்தவனுக்குப் போகும். போனது திரும்பாது. வந்து நின்று குரல் கொடுக்காதவனுக்குத் தண்ணீரில் பங்கில்லை என்பது ஊர் வைத்த சட்டம். நோயாளியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்து குரல் கொடுக்க வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். நான் சென்னையில் இருந்த வருஷங்களில் எனக்காகவும் மாமாதான் குரல் கொடுத்துவந்தார். தன் பெயருக்கு ஒரு தடவை, என் பெயருக்கு ஒரு தடவை. இரண்டாவது தடவை கொஞ்சம் கூடுதல் சத்தமாக இருக்கும் என்று அக்கா சொல்வாள்.

அன்று மாமா பெயரைக் கூப்பிட்டதும் அவர் வழக்கம்போல் "கீறேன்!" என்று சத்தம் போட்டார். அடுத்தது என் பெயர். மாமா குரல் கொடுப்பார் என்று நான் சும்மா இருந்தேன். குரல் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்து மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடுகிறவர் சுற்றிலும் பார்த்துவிட்டு இரண்டாவது முறை கூப்பிட்டார். நான் வாயைத் திறந்தேன். மாமாவின் கை என் முழங்காலில் வந்து விழுந்தது. வலை இழுத்துக் காய்த்துப்போன கை. எலும்பு நோகும்படி அழுத்தினார். முகம் என் பக்கம் திரும்பவேயில்லை. பெண்கள் கூட்டத்திலிருந்து அக்காவின் குரல் கேட்டது: "யோவ், வாயில இன்னா கொழுக்கட்டையா? சொல்லுய்யா!" பெண்கள் குரல் கொடுத்தால் அது கணக்கில் சேராது; அந்த நியாயத்தின் மேல் அக்காவுக்குச் சாகும்வரை கோபம் இருந்தது. ஊர்த் தலைவரே பொறுக்காமல், "டேய், தூங்கறியா இன்னா?" என்று மாமாவைப் பார்த்துக் கேட்டார். மாமா மணலையே பார்த்தார். கூப்பிடுகிறவர் மூன்றாவது முறை என் பெயரை நீட்டி, இழுத்து, நடுவில் மூச்சு வாங்கி, எவ்வளவு நேரம் கொடுக்க முடியுமோ அவ்வளவு நேரம் கொடுத்துக் கூப்பிட்டார். அந்தக் கையைத் தள்ளிவிட்டு நானே குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை; அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தின் ஓரத்தில் புதிதாகக் கல்யாணமான ஒருவன், எங்காவது ஒரு இடம் விழாதா என்று காத்துக் கிடந்தவன், எழுந்து நின்றுவிட்டான். அவன் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

எனக்கு உலகமே வெறுத்துப்போயிற்று. நைனாவின் இடம் அது. நைனாவுக்கு முன்னால் அவருடைய நைனாவின் இடம். தலைவர் கடிதம் தருகிறேன் என்று சொன்ன பிறகு, யாருக்கும் நஷ்டமில்லாமல் எல்லாம் முடிந்த பிறகு, இந்த மனிதர் எதற்காக என்னை ஊரிலிருந்து வெட்டிவிட்டார்? தன் பேச்சால் விளைந்த பழியைத் தன் மவுனத்தால் கழுவிக்கொள்கிறாரா? என் ஒருவனுக்கு மட்டும் நஷ்டமில்லை என்பதும் தெரியும். இரண்டு பெயர், ஒரு படகு, ஒரு வலை என்று ஓடிய குடும்பம். என் முறை போனால் அக்கா வீட்டு உலையில் பாதி போயிற்று. அதுவும் எந்தக் காலத்தில்? இறால் வாங்கும் கம்பெனி ஆட்கள் ஐஸ் பெட்டியோடு வேனைக் கொண்டுவந்து கரையிலேயே நிறுத்திக் காத்திருக்கத் தொடங்கிய காலத்தில். அக்கா மாமாவிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். சோற்றுத் தட்டை அவர் முன்னால் வைக்கிற சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள்.

கடிதம் இப்போது உண்மைக் கடிதமாகிவிட்டது. அதை எடுத்துக்கொண்டு மறுபடி அதே மாடி, அதே மின்விசிறி. கண்காணிப்பாளர் படித்துவிட்டுத் தலையாட்டினார், பத்திரத்தை மாமா பக்கம் நகர்த்தினார். மாமா கையெழுத்துப் போட்டார். "வேற ஏதாவது சொல்லணுமா பெரியவரே?" என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டபோது மாமா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

உதவித்தொகை கிடைத்துவிட்டது என்று சொன்னால் அடுத்த மாதமே பணம் கைக்கு வரும் என்று நினைக்கிறவர்கள் அந்த உலகத்தை அறியாதவர்கள். சேர்ந்ததற்கு அறிக்கை போக வேண்டும், டெல்லியிலிருந்து ஒப்புதல் வர வேண்டும், தணிக்கையில் ஒருவர் கேள்வி எழுப்ப வேண்டும், அந்தக் கேள்விக்குப் பதில் போக வேண்டும். மாதங்கள் ஓடின. விடுதி மெஸ்ஸில் என் பெயருக்கு எதிரே பாக்கி ஏறிக்கொண்டே போனது. அக்கா அவ்வப்போது யாரிடமாவது இறால் கருவாட்டு மூட்டை கொடுத்தனுப்புவாள். என் அறைத் தோழன் திருவள்ளூரில் பெருமாள் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பத்துப் பையன், வெங்காயம்கூடத் தொடாதவன். முதல் மூட்டை வந்த அன்று கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு கணக்குப் போட்டான். பிறகு அவனே ஒரு மூடி போட்ட வாளியைக் கொண்டுவந்து, ஜன்னலுக்கு வெளியே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, "உங்க சமாசாரம் அங்க இருக்கட்டும், நம்ம சிநேகம் இங்க இருக்கட்டும்" என்றான். மெஸ்ஸில் என்னை நிறுத்திவிட்ட நாட்களில் அவனுடைய மெஸ் சீட்டில் எனக்குச் சாப்பாடு வரும். அவன் வீட்டிலிருந்து வந்த புளியோதரையைத் தின்றுவிட்டுப் பசியில்லை என்பான். அந்தப் பையனுக்கும் நான் கடமைப்பட்டவன்.

ஆனாலும் ஒரு கட்டத்தில் முடியவில்லை. கணக்கும் நகரவில்லை, பணமும் வரவில்லை. அகலமான ஆழமற்ற நீர்நிலைக்குள் குறுகிய வாய் வழியாக அலையேற்றம் புகும்போது நீர்மட்டம் எப்படி மாறும் என்பதுதான் என் பொருள். சமன்பாடுகளை எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். இறால் பருவம். கரை முழுக்கச் சத்தம். மாமா படகிலிருந்து இறங்கி வந்தார். என்னையும் பெட்டியையும் பார்த்தார்.

"இன்னாத்துக்கு வந்தே?"

"முடியல மாமா. டப்பு வரவே மாட்டேங்குது. கொஞ்ச நாளு இங்க வலைக்கு வரேன்."

"எந்த வலைக்கு? உன் பேர்ல இன்னா கீது இங்க?"

"உன்னோட மொறைக்குக் கூட வரேன்."

"எனக்கு ஆளு கீது. துன்னுட்டு கெளம்பு. கடைசி பஸ்ஸு போய்டும்."

அவ்வளவுதான். கூடையைத் தூக்கிக்கொண்டு ஐஸ் வேன் பக்கம் போய்விட்டார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சோறு போட்டாள். பாதியில் கை கழுவிவிட்டு எழுந்து வந்தேன். அந்தக் கரையில், எல்லாரும் கூடையும் வலையுமாக ஓடிக்கொண்டிருக்க, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் நின்ற ஒரே ஆள் நான்தான். பொன்னேரி வரை பஸ்ஸில் மாமாவை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன். விடுதிக்கு வந்து வீம்போடு உட்கார்ந்தேன். இவர் முகத்தில் விழிப்பதற்காகவாவது இந்தக் கணக்கை முடித்துக் காட்ட வேண்டும் என்ற வீம்பு. போவதற்கு வேறு இடம் இல்லை என்று ஆனபிறகு மனம் அலைவதை நிறுத்திவிட்டது. அந்த வாரங்களில்தான், நான் தொடக்கத்திலிருந்தே தவறாக வைத்திருந்த ஒரு எல்லை நிபந்தனை கண்ணில் பட்டது. அதை மாற்றியதும் சமன்பாடு அசைந்து கொடுக்கத் தொடங்கியது. பிற்பாடு என் முனைவர் பட்டத்துக்கு அடிப்படையாக நின்றது அந்த வீம்பு நாட்களின் வேலைதான்.

பணம் கடைசியில் மொத்தமாக வந்தது. மெஸ் பாக்கியைக் கட்டிவிட்டு மீதியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். மாமா வேண்டாம் என்று சொல்வார், நான் வற்புறுத்துவேன், அவர் கண் கலங்குவார் என்றெல்லாம் வழியெல்லாம் மனதுக்குள் நாடகம் போட்டுப் பார்த்திருந்தேன். மாமா கையை நீட்டி வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டு, "நல்ல நேரத்துல கொணாந்தே, வலை கிழிஞ்சி பேஜாரா கீது" என்று நேரே நைலான் நூல் வாங்கக் கிளம்பிவிட்டார்.

நான் ஓய்வு பெற்றுப் பல வருஷமாகிவிட்டது. எத்தனையோ மாணவர்களுக்கு உதவித்தொகைப் பரிந்துரைகள் எழுதியிருக்கிறேன், தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டே எம்.எஸ்ஸி. முடித்த பிள்ளைகள் வருகிறார்கள். மாமா கூடை தூக்கிய கரைக்குத் தெற்கே காட்டுப்பள்ளியில் இன்று கப்பல்கள் வந்து நிற்கின்றன. இப்போது பணம் நேரே வங்கிக் கணக்குக்கு வருகிறது என்கிறார்கள். வரும், ஆனால் அன்று போலவே தாமதமாகத்தான் வரும். "சார், நாலு மாசமா வரலை, வேலைக்கே போயிடட்டுமா?" என்று போனில் கேட்கிறார்கள். என்னால் முடிந்ததைச் செய்கிறேன், அலுவலகங்களைக் கூப்பிட்டுச் சண்டை போடுகிறேன். மாமா செய்ததுபோல் ஒருவனை விரட்டிவிட எனக்குத் தைரியம் இல்லை. அது பாசம் நிறைய உள்ளவரால் மட்டுமே முடிகிற காரியம். தப்பாகிப்போனால் ஆயுசுக்கும் பகை. மாமா அந்தப் பகையையும் சேர்த்துத்தான் தலையில் ஏற்றிக்கொண்டார்.

நைலான் நூல் வாங்கி வந்த அன்று பிற்பகல் மாமா கரையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து நூலைப் பிடித்துக் கொடுத்தேன். அதுவரை அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு ஏன் மாமா பதில் சொல்லல?"

அவர் கை நிற்கவில்லை. "வந்து நின்னே இல்ல, பெட்டியத் தூக்கிக்கினு? பேரு இருந்திருந்தா திரும்பிப் போயிருப்பியா?"

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது; மறைக்கவும் இல்லை. ஊர்த் தலைவருக்குத் தெரியாதது, அக்காவுக்குத் தெரியாதது, எனக்கே தெரியாதது இந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது: முதல் கஷ்டத்தில் நான் திரும்பிவிடுவேன் என்று. ஒரு குடும்பத்தின் பாதி வரும்படியைக் கொடுத்து அவர் அடைத்தது அந்த ஒரு வழியைத்தான். மாமாவுக்கு என் அழுகை பிடிக்கவில்லை. பேச்சை மாற்றினார்.

"அது கெடக்கட்டும். ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு கீறேன். அந்த டப்ப இன்னாத்துக்குடா குடுக்குறான் கவர்மெண்ட்டு?"

முகத்துவாரத்தைக் காட்டிச் சொன்னேன். கடல் தண்ணீர் அந்த வாய் வழியாக ஏறி வரும்போது ஏரி எப்படி உயர்கிறது என்பதைக் கணக்காக எழுதிப் பார்க்கிறேன் என்றேன்.

"கண்டுபுடிச்சிட்டியா?"

"கொஞ்சம். முழுசா இன்னும் இல்ல மாமா."

"கண்டுபுடிக்காத மாசத்துக்கும் டப்பு குடுக்குறானா?"

"குடுக்குறாங்க."

"தெனம் வந்து கரையில நிக்க மாட்டானா? புடிச்சியா, புடிச்சியான்னு?"

"வருசத்துக்கு ஒரு தபா கேப்பாங்க, அவ்ளோதான்."

மாமா பின்னுவதை நிறுத்தினார். ஐஸ் வேன் நின்றிருந்த பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு நினைவு தெரிந்து அவ்வளவு நேரம் அவர் கை சும்மா இருந்ததில்லை.

"எனக்கு அப்டி ஒரு நாளு கெடச்சதில்லடா மச்சான்" என்றார். "நிதானமா புடி."